ஒரே தொண்டை, இரண்டு சிங்கங்கள்

1994-ல் வெளியான ‘லயன் கிங்’ கையால் வரைந்த படம். அது தமிழ் பேசியபோது வளர்ந்த சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த் சாமி. அவர் நடித்த ‘ரோஜா’ வந்து அதிக காலம் ஆகாத நேரம் அது. இருபதுகளில் இருந்தவரின் குரல், இளம் சிங்கத்துக்கு அப்படியே பொருந்தியது. 2019-ல் அதே கதையை டிஸ்னி நிறுவனம் கணினியில், நிஜக் காட்டுக்குள் கேமராவைக் கொண்டுபோனது போன்ற தோற்றத்தில் மறுபடி எடுத்தது. அரவிந்த் சாமியும் மறுபடி மைக் முன்னால் நின்றார். இந்த முறை அவர் சிம்பா இல்லை. சிம்பாவின் தகப்பனைப் பாறையிலிருந்து தள்ளிக் கொல்லும் சித்தப்பன் ஸ்கார். சிம்பாவுக்குச் சித்தார்த் பேசினார்.

ஆங்கிலத்தில் நடந்தது வேறு. இரண்டு படங்களிலும் சிம்பாவின் தகப்பன் முஃபாசாவுக்குக் குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்தான். முதல் படம் வந்தபோது அவருக்கு 63 வயது, இரண்டாவது வந்தபோது 88. சிறுவயதில் திக்குவாயால் பல ஆண்டுகள் வாய் திறக்காமலே இருந்தவர் அவர். அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் ஒரு குரல் அதே சிங்கமாக நிற்கிறது. இங்கே அதே இடைவெளியில் ஒரு குரல் நாயகனிலிருந்து வில்லனாகிவிட்டது. இரண்டையும் நாம் கொஞ்சமும் உறுத்தல் இல்லாமல் நம்பினோம். திரையில் ஓடுவது வண்ணமும் வெளிச்சமும்தான். அதற்கு எடை, வயது, குணம் மூன்றையும் குரல் எப்படிக் கொடுக்கிறது என்று கேட்டால், பதிலில் இயற்பியல் வருகிறது, மூளை வருகிறது, தமிழ் இலக்கணமும் வருகிறது.

தொண்டையிலிருந்தே தொடங்கலாம். நாதஸ்வரத்தில் சீவாளி துடித்துச் சத்தத்தைப் பிறப்பிக்கிறது. மரக்குழல் அந்தச் சத்தத்துக்கு உருவம் கொடுக்கிறது. நமக்குள்ளும் அதே ஏற்பாடுதான். குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து மேலே வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது, அவை திரும்ப வந்து ஒட்டுகின்றன, மறுபடி திறக்கின்றன. வளர்ந்த ஆணிடம் இது நொடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை நடக்கிறது. பெண்ணிடம் 200-ஐ ஒட்டி. சின்னக் குழந்தையிடம் 250, 300 என்று போகும். இந்த எண்ணிக்கையைத்தான் நாம் சுருதி என்று கேட்கிறோம். மடிப்பு நீளமாகவும் தடிமனாகவும் இருந்தால் துடிப்பு மெதுவாகும், சுருதி இறங்கும்.

மடிப்பிலிருந்து உதடு வரை உள்ள பாதை குழல். ஆணிடம் அதன் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர், பெண்ணிடம் 14 அல்லது 15, பிறந்த குழந்தையிடம் வெறும் 8. மடிப்புகள் பிறப்பிக்கும் சத்தத்தில் பல அலைவரிசைகள் கலந்திருக்கின்றன. அவற்றில் எதை ஓங்க விடுவது, எதை அமுக்குவது என்பதைக் குழலின் நீளமும் வடிவமும் தீர்மானிக்கின்றன. 17 சென்டிமீட்டர் குழலில் முதலாவதாக ஓங்கும் இடம் 500 ஹெர்ட்ஸ் அருகில் வரும். குழல் பாதியானால் அது 1,000-க்குத் தாவிவிடும். அப்பாவும் மகளும் ஒரே சுருதியில் ஒரே வரியைப் பாடினாலும் நம் காது இருவரையும் பிரித்துவிடுவது இதனால்தான். சுருதி ஒன்று, குழல் இரண்டு.

இந்தக் கணக்கை வைத்து அமெரிக்காவில் ஒருவர் 1958-ல் பெரிய வேடிக்கை காட்டினார். ராஸ் பாக்தசாரியன் என்ற பாடகர் ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நிதானமாக இழுத்து இழுத்துப் பாடிப் பதிவு செய்தார். பிறகு அதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டார். மூன்று அணில்கள் பாடுவதுபோல் கேட்டது. சிப்மங்க்ஸ் பிறந்த கதை அதுதான். வேகம் இரட்டிப்பானதும் சுருதி மட்டும் ஏறவில்லை. குழலின் ஒத்ததிர்வுகளும் சேர்ந்து இரண்டு மடங்காயின. அதாவது 17 சென்டிமீட்டர் குழல், காதுக்கு எட்டரை சென்டிமீட்டராகத் தோன்றிவிட்டது. கைக்குழந்தை அளவு தொண்டை, ஆனால் நாக்கு வளர்ந்த மனிதருடையது. உச்சரிப்பில் பிசகே இல்லை. அப்படி ஒரு பிராணி உலகத்தில் கிடையாது. இருந்தும் கேட்ட உடனே கண்ணுக்குள் ஒரு சின்ன உடம்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

டப்பிங் கலைஞருக்கு நாடாவும் வேகமும் உதவாது. அவர் தன் உடம்பை வைத்தே இதைச் செய்தாக வேண்டும். எச்சிலை விழுங்கும்போது தொண்டை முடிச்சு மேலே ஏறுவதை விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த உயரத்தில் பிடித்து வைத்துப் பேசினால் குழல் குறுகி, குட்டிப் பிராணி வந்துவிடும். கொட்டாவி விடும்போது முடிச்சு கீழே இறங்கும். அங்கே நிறுத்திப் பேசினால் பெரிய உடம்பு. உதட்டைக் குவித்து முன்னே நீட்டினால் குழல் இன்னும் கொஞ்சம் நீளும். சிரித்தால் உதடு பின்னுக்கு இழுபட்டுக் குழல் குறுகும். புன்னகை காதுக்குத் தெரியும் என்று 1980-ல் விவியன் டார்ட்டர் என்ற ஆய்வாளர் சோதனை வைத்தே காட்டினார்: முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டவர்கள், சிரித்துக்கொண்டே சொன்ன சொற்களை அடையாளம் கண்டார்கள். டப்பிங் அறையில் “சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க” என்று சொல்வது உணர்ச்சிக்காக மட்டும் இல்லை. குழலின் நீளத்தை மாற்றச் சொல்கிறார்கள்.

டொனால்ட் டக் இந்த விதிகளையெல்லாம் தாண்டிய விசித்திரம். 1934 முதல் ஐம்பது ஆண்டுகளை ஒட்டி அந்த வாத்துக்குக் குரல் கொடுத்த கிளாரன்ஸ் நாஷ், அதற்குக் குரல்வளையையே பயன்படுத்தவில்லை. கன்னத்துக்கும் மேல் தாடைக்கும் நடுவே காற்றை அடைத்து, அந்த இடுக்கில் சதையைத் துடிக்க வைத்தார். தொண்டையின் வேலையைக் கன்னம் செய்தது. வாத்து பேசுவதில் பாதி புரியாமல் போவதற்குக் காரணம் எழுத்தாளர் இல்லை, உடற்கூறு.

இனி மூளை. தாழ்ந்த குரல் என்றால் பெரிய உடம்பு, உயர்ந்த குரல் என்றால் சின்ன உடம்பு என்று நாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கணக்கிடுகிறோம். நாய் மிரட்டும்போது உறுமுகிறது, பணியும்போது கீச்சிடுகிறது. மனிதர்களும் பறவைகளும் விலங்குகளும் இந்த ஒரே ஏற்பாட்டைப் பின்பற்றுவதை 1980களில் ஜான் ஒஹாலா என்ற மொழியியலாளர் விரிவாக எழுதினார். அனிமேஷன் குரல் நடிப்பு முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. நல்ல கலைஞர் அதை மீறவும் தெரிந்தவர். ஸ்கார் அதற்கு எடுத்துக்காட்டு. முஃபாசாவின் குரல் கனமாக, நெஞ்சிலிருந்து வருகிறது. ஸ்காரோ பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. தாழ்ந்த சுருதியில், மெதுவாக, மூச்சு கசிய, சொல்லை நீட்டி நீட்டிப் பேசுகிறான். பெரிய உடம்பைக் காட்டும் குரலை, பயந்தவனுக்கு அருகில் வந்து பேசும் அடக்கத்தில் வைத்தால் அது வஞ்சகமாகக் கேட்கிறது. காதோரம் மெல்லப் பேசுகிறவன் மிக அருகில் வந்துவிட்டான் என்பதை நம் மூளை உடனே கவனிக்கும்.

உண்மைச் சிங்கம் எப்படிக் கர்ஜிக்கிறது என்ற கேள்வி விஞ்ஞானிகளையும் சுற்ற விட்டது. உடம்பு பெரிது, ஆகவே குரல் பெரிது என்று விட்டுவிட முடியவில்லை. 2011-ல் இங்கோ டிட்சாவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சிங்கம், புலி இரண்டின் குரல் மடிப்புகளை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலான விலங்குகளில் மடிப்பு முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும். சிங்கத்திலும் புலியிலும் அது தட்டையாக, சதுரம்போல இருக்கிறது. உள்ளே கொழுப்பு படிந்திருக்கிறது. அந்த அமைப்பு மடிப்பை இழுத்தாலும் பக்கவாட்டில் தள்ளினாலும் தாங்க வைக்கிறது. குறைந்த மூச்சு அழுத்தத்திலேயே பெரிய துடிப்பை உண்டாக்குகிறது. பக்கத்தில் நின்றால் 114 டெசிபல் வரை போகிற சத்தம் அப்படித்தான் வருகிறது. கர்ஜனை ஏறக்குறைய ஒரு குழந்தையின் வீறிடல்தான், மிகத் தாழ்ந்த சுருதியில் என்று டிட்சா விளக்கினார். மனிதத் தொண்டையால் அதைச் செய்ய முடியாது. ஆனால் 1994 படத்தின் கர்ஜனைகளுக்கு உழைத்தவர் பிராங்க் வெல்கர் என்ற குரல் கலைஞர். இரும்புக் குப்பைத் தொட்டிக்குள் வாயை வைத்து உறுமினார். இல்லாத குழலைத் தொட்டி கொடுத்தது.

2019 படத்தில் குரலுக்கு இன்னும் பெரிய சுமை விழுந்தது. கையால் வரைந்த ஸ்காருக்குப் புருவம் இருந்தது. ஏளனமாக வளையும் உதடு இருந்தது. கணினிச் சிங்கம் நிஜச் சிங்கம் மாதிரியே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள், நிஜச் சிங்கத்துக்கோ நம்மைப்போல முகபாவம் கிடையாது. முகம் கொடுக்காததைத் தொண்டை ஈடுகட்ட வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் அழகு என்னை முழுதாக ஈர்க்கவில்லை. ஆனால் அரவிந்த் சாமியின் ஸ்கார் ஈர்த்தது. ஐம்பதை நெருங்கியவரின் குரலில் சேர்ந்திருக்கும் கரகரப்பை அவர் மறைக்கவில்லை, அதையே பாத்திரமாக்கினார்.

குடும்பப் படங்களில் சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் பெண்கள் பேசுகிறார்கள். மகரக்கட்டு உடைவதற்கு முன்னால் பையனின் மடிப்பும் குழலும் பெண்ணின் அளவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. உடைந்த பிறகு சில மாதங்களிலேயே மடிப்பு நீண்டு, குரல்வளை கீழே இறங்கி, அதே பையன் வேறு ஆளாகிவிடுகிறான். தொடர் பல ஆண்டுகள் ஓடும்போது குழந்தையை நம்பி எடுக்க முடியாது. ‘சோட்டா பீம்’ இந்தியில் பேசிய குரல் சோனல் கௌசல் என்ற பெண்ணுடையது. ஜப்பானில் 1936-ல் பிறந்த மசாகோ நோசாவா, ‘டிராகன் பால்’ நாயகன் கோகுவுக்கு 1986 முதல் பேசிவருகிறார். சிறுவனாக இருந்த கோகு வளர்ந்து தந்தையான பிறகும் அவரே பேசினார்.

குரலுக்கும் உருவத்துக்கும் உள்ள தொடர்பில் தமிழர்களுக்கு ஒரு தனி இடம் உண்டு. கூரான முனைகள் உள்ள வடிவம், உருண்டு நெளிந்த வடிவம் என இரண்டு படங்களைக் காட்டி, இதில் எது ‘கிகி’, எது ‘பூபா’ என்று கேட்பார்கள். 2001-ல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் இதை அமெரிக்க மாணவர்களிடமும், இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டார்கள். இரு தரப்பிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரே பதில்: கூரானது கிகி, உருண்டது பூபா. ‘பூபா’ என்று சொல்லும்போது உதடு உருள்கிறது, ‘கிகி’ சொல்லும்போது நாக்கு வெட்டென்று அண்ணத்தைத் தட்டுகிறது. குண்டான காட்டுப்பன்றிக்கு ‘பும்பா’ என்று பெயர் வைத்தவர்களின் காதும் அப்படித்தான் வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சொல்லுக்கு ஸ்வாஹிலியில் தனிப் பொருள் இருந்தாலும்.

இதுவரை சொன்னது தொண்டையின் கதை. மொழி மாறும்போது வாயின் கதை தொடங்குகிறது.

ஹாலிவுட்டில் குரலை முதலில் பதிவு செய்கிறார்கள். நடிகர் பேசும்போது அவர் முகத்தையும் படம் எடுத்து, அதைப் பார்த்து அனிமேட்டர்கள் வாயை அசைக்கிறார்கள். ஆங்கிலத்தில் நாற்பதுக்கு மேல் ஒலிகள் இருந்தாலும், பார்வைக்குப் பத்துப் பன்னிரண்டு வாய் வடிவங்கள் போதும். இந்த வேலையில் பெங்களூருக்கும் பங்கு இருந்தது. 2011-ல் வந்த ‘புஸ் இன் பூட்ஸ்’ படத்தின் ஒரு பகுதி, பெங்களூரில் டெக்னிகலர் நிறுவனத்துக்குள் இயங்கிய டிரீம்வொர்க்ஸ் பிரிவில் உருவானது. 2025 தொடக்கத்தில் டெக்னிகலர் குழுமம் நொடித்துப்போனபோது பெங்களூர் அலுவலகமும் மூடப்பட்டு, அங்கே உழைத்த கலைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். தாய்மொழி கன்னடமோ தமிழோ ஆன பிள்ளைகள், தேர்ந்த ஆங்கில வாயை ஒவ்வொரு பிரேமாக வரைந்த காலம் அது.

தமிழ் டப்பிங்கில் வரிசை தலைகீழ். வாய் ஏற்கெனவே அசைந்துவிட்டது. படத்தோடு இசையும் சத்தங்களும் உள்ள, வசனம் மட்டும் இல்லாத ஒலித்தடம் வருகிறது. இருட்டான சின்ன அறையில், மைக்குக்குப் பக்கத்தில் திரை ஒன்று. அதில் காட்சி, மூலையில் ஓடும் எண்கள். கலைஞரின் ஒரு காதில் ஆங்கில மூலம். கையில் இருக்கும் தாளில் வசனத்தோடு எங்கே மூச்சு, எங்கே இழுப்பு, எங்கே உதடு மூடுகிறது என்று பென்சில் குறிகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர், ஒலிப்பதிவாளர். இரண்டு வரியை ஒரு லூப்பாக வெட்டி ஓட்டுவார்கள். “சிங்க் ஓகே, மாடுலேஷன் பத்தல, ஒன் மோர்.” கலைஞர் மறுபடி சிங்கமாவார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும். வசனம் இல்லாத இடங்களும் உண்டு: ஓடி மூச்சுவாங்குவது, விழுங்குவது, முனகுவது. இந்த ரியாக்‌ஷன்களைத் தனியாக எடுக்கிறார்கள். பாத்திரம் உயிரோடு இருப்பதாக நாம் நம்புவதற்கு வசனத்தைவிட இவையே பெரிய காரணம்.

பென்சில் குறிகளில் முக்கியமானது உதட்டுக் குறி. ககரமும் தகரமும் வாய்க்குள் பிறக்கின்றன. பார்க்கிறவருக்குச் சரியாகத் தெரியாது. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு மூடியே ஆக வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதைத் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது: உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது, இவற்றில் இரு இதழும் சேரப் பிறப்பவை பகரமும் மகரமும், பல்லும் இதழும் சேரப் பிறப்பது வகரம். டப்பிங் வசனம் எழுதுகிறவர் அதைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் அந்தப் பட்டியலோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறார். திரையில் பாத்திரம் ‘மை பிரதர்’ என்கிறது. உதடு இரண்டு இடங்களில் மூடுகிறது. ‘என் தம்பி’ என்று எழுதினால் ஒரு மூடல்தான் கிடைக்கும். ‘நம்ம தம்பி’ என்றால் இரண்டும் கிடைத்துவிடும்.

இந்தச் சிரமம் வீண் இல்லை என்பதற்குச் சான்று 1976-ல் வந்தது. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் ‘கா’ என்று உதடசைக்கும் முகத்தின் மேல் ‘பா’ என்ற ஒலியை ஏற்றினார்கள். (இரண்டும் ஆங்கிலத்தின் ga, ba போல.) பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது ‘டா’. காதில் விழாத, உதட்டிலும் இல்லாத மூன்றாவது ஒலியை மூளை தானாகச் செய்துகொண்டது. கண்ணை மூடினால் ‘பா’ திரும்ப வந்துவிடும். கேட்பதில் பாதியைக் கண் செய்கிறது என்பதால்தான் மூடாத உதட்டிலிருந்து வரும் மகரம் நம்மை உறுத்துகிறது. நேரத்திலும் அதே கண்டிப்பு. படம் நொடிக்கு 24 பிரேம். ஒரு பிரேம் 42 மில்லி நொடி. சத்தம் வாய்க்கு முன்னால் 45 மில்லி நொடி வந்தாலே மனிதர்கள் கண்டுபிடிக்கிறார்கள். பின்னால் வந்தால் 125 வரை தெரிவதில்லை. இடியோ கோடரி வெட்டோ தூரத்திலிருந்து பிந்திக் கேட்டுப் பழகிய மூளைக்குத் தாமதம் இயல்பு. சத்தம் முந்துவது இயற்கையில் நடக்காத காரியம்.

தமிழின் பெரிய சிக்கல் உதடு இல்லை என்பது என் எண்ணம். வினைச்சொல் கடைசியில் வருவதுதான். ‘ஐ நெவர் கில்ட் யுவர் ஃபாதர்’ என்று சொல்லும் பாத்திரம், ‘நெவர்’ வரும் இடத்தில் தலையைச் சிலுப்புகிறது. ‘உங்க அப்பாவ நான் கொல்லவே இல்ல’ என்று எழுதினால் மறுப்பு கடைசியில் போய் நிற்கும்; அதற்குள் தலை ஓய்ந்திருக்கும். ஆகவே ‘இல்ல, கொல்லல, உங்க அப்பாவ நான் கொல்லல’ என்று முறித்துப் போடுகிறார்கள். பேச்சுத் தமிழ் இதற்கு இடம் கொடுக்கிறது. எழுத்துத் தமிழில் முயன்றால் கூத்து வசனம் ஆகிவிடும். நல்ல டப்பிங் படத்தில் பேச்சு இயல்பாக இருப்பதற்கு மொழிப்பற்று மட்டும் காரணம் இல்லை, உடலசைவோடு ஒட்டிப்போக வேறு வழியும் இல்லை. இதோடு நீளமும் சேர்ந்துகொள்கிறது. 17 மொழிகளை அளந்து 2019-ல் வெளியான ஆய்வு, அசைகளின் வேகம் எப்படி மாறினாலும் எல்லா மொழிகளும் நொடிக்கு ஏறத்தாழ 39 பிட் தகவலைக் கடத்துவதாகச் சொன்னது. அசைக்குக் குறைவாகத் தகவல் தாங்கும் மொழி வேகமாகப் பேசப்படுகிறது. அந்த 17-ல் தமிழ் இல்லை; ஆனால் விகுதிகளைச் சேர்த்துச் சேர்த்து நீளும் நம் சொற்களை ஆங்கில வாய்க்குள் அடைக்கிறவர், படபடவென்று பேசியே தீர வேண்டியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் சென்னையில் செய்யும் தமிழ், தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் மர்பி டவுன் இருக்கிறது. நாக்ஸ்பேட்டை என்பது பழைய பெயர். 1920களில் தொழிலாளர்களுக்கு இங்கே வீடுகளைத் திட்டமிட்ட டபிள்யூ. எச். மர்பி என்ற பொறியாளரின் பெயரே பிறகு நிலைத்தது. கன்டோன்மென்ட்டுக்கு உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கேயும் சுற்றிலும் வாழ்கின்றன. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் இடமும் ஏரியை ஒட்டியே இருக்கிறது. இன்றைக்கு இங்கே வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், கடையில் கொஞ்சம் தக்கினி உருது. பலர் தமிழைப் படிக்கப் பழகவில்லை; அவர்களுடைய தமிழ் முழுக்கக் காது வழியே வந்தது. 2007-ல் குழந்தைகளுக்கான சுட்டி டி.வி. தொடங்கியபோது அந்தக் காதுக்குப் புதிய வாசல் திறந்தது. கார்ட்டூன்களில் டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினார்கள்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 2003-ல் பாட்ரிஷியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். எதிரே உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசியவரிடமிருந்து குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள் அதே பேச்சைத் திரையில் பேசியபோது எதுவும் ஏறவில்லை. கைக்குழந்தைக்கு மொழி கொடுப்பது மனிதர்கள்தான். பேசத் தொடங்கிவிட்ட பிள்ளையின் நிலை வேறு. டோரா கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கண்ணைக் கொட்டிக்கொண்டு காத்திருப்பாள். அந்த இடைவெளியில் பிள்ளை வாயைத் திறந்து பதில் சொல்லும். குள்ளநரியைப் பார்த்து ‘திருடக் கூடாது’ என்று எச்சரிக்கும். திரை அங்கே எதிராளி மாதிரி நடந்துகொள்கிறது. வீட்டில் பாட்டி பேசாத தமிழ்ச் சொற்கள் இப்படித்தான் இங்கே பல பிள்ளைகளின் வாயில் வந்தன.

அந்தத் தமிழ் யாருடைய குரலில் வருகிறது என்பது அடுத்த கேள்வி. 2019 படத்தில் காட்டுப்பன்றி பும்பாவுக்கு நடிகர் ரோபோ சங்கர், அதன் தோழன் டிமோனுக்குச் சிங்கம்புலி, ஸாஸு என்ற பறவைக்கு மனோபாலா. மூவரும் தெரிந்த குரல்கள். பழகிய ஆளின் குரலைக் கேட்டாலே மூளையில் முகங்களை அடையாளம் காணும் பகுதியும் விழித்துக்கொள்கிறது என்று காதரினா வான் கிரீக்ஸ்டைன் குழுவினர் 2005-ல் காட்டினார்கள். நட்சத்திரக் குரலின் பலமும் பலவீனமும் அதுவே: காட்டுப்பன்றியின் முகத்துக்கு மேல் நடிகரின் முகம் நிழலாடும். கோமாளிப் பாத்திரத்துக்கு அது கூடுதல் சிரிப்பு. உருக வைக்க வேண்டிய பாத்திரத்துக்கு, யாரென்றே தெரியாத தேர்ந்த டப்பிங் கலைஞரின் குரலே மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தக் குரலோடு வேறு முகம் வருவதில்லை; பாத்திரத்துக்கு அது முழுதாகச் சொந்தமாகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களின் பெயர்கள் போஸ்டரில் வருவதில்லை என்பது பெரிய அநியாயம்.

முஃபாசாவுக்குத் தமிழில் பேசிய பி. ரவிசங்கர் அந்த வகை உழைப்பில் வளர்ந்தவர். தந்தை பி.ஜே. சர்மா, அண்ணன் சாய்குமார் என்று டப்பிங் குடும்பம். தெலுங்கிலும் அவரே முஃபாசா. கன்னட ரசிகர்களுக்கோ அவர் 2011-ல் வந்த ‘கெம்பேகவுடா’வின் வில்லன் ஆறுமுகம். ஆனால் அவருடைய சிங்கத்தைக் கன்னடத்தில் கேட்க முடியவில்லை. படம் இந்தியத் திரையரங்குகளுக்கு ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய நான்கில்தான் வந்தது. கன்னடத் திரையுலகில் வேற்றுமொழிப் படங்களை டப் செய்வதற்கு 1960களிலிருந்து எழுதப்படாத தடை இருந்தது. 2015-ல் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகே நிலைமை மெல்ல மாறியது. சின்னத்திரையில் 2009-ல் தொடங்கிய சிண்டு டி.வி. குழந்தைகளுக்குக் கன்னடத்தில் கார்ட்டூன் காட்டியது. பெங்களூரின் ஹொம்பாளே பிலிம்ஸ் வழங்கிய ‘மகாவதார் நரசிம்மா’ அனிமேஷன் படம் 2025-ல் வந்தபோது கன்னடமும் தமிழும் ஒரே நாளில் திரைக்கு வந்தன.

மர்பி டவுனில் எனக்குத் தெரிந்த வீட்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். தமிழ் ‘லயன் கிங்’ வசனம் பாதி அவனுக்கு மனப்பாடம். ஸ்கார் பேசச் சொன்னால் தாடையை நெஞ்சோடு ஒட்டி, உதட்டைக் குவித்து முன்னே நீட்டி, ஒவ்வொரு சொல்லையும் இழுக்கிறான். யாரும் அவனுக்குக் குழல் கணக்கு சொல்லவில்லை. தன் சின்னக் குழலை எட்டிய மட்டும் நீட்டிப் பார்க்கிறான். கன்னடத்தில் பேசு என்றேன். ஸ்கார் மாறவில்லை: அதே தாடை, அதே உதடு, அதே நிதானம். பும்பாதான் மாறினான். தமிழில் ரோபோ சங்கர் மாதிரி சென்னைத் தமிழ் பேசிய பன்றிக்கு, கன்னடத்தில் நகல் எடுக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மர்பி டவுன் மார்க்கெட்டில் காய்கறி கூவி விற்கும் பெரியவரின் கன்னடத்தை அவனே எடுத்துப் பும்பாவுக்குப் போட்டுக்கொண்டான்.